அழிப்பது பழுதுபார்ப்பதாகுமா?

நோய் தீர்க்க வந்த மருத்துவர் ஒருவர், நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமலும், 'எங்கே வலிக்கிறது?' என்று ஒரு சொல் கேளாமலும், 'இவரை எரித்துவிட்டுப் புதிதாக ஒருவரைச் செய்து தருகிறேன்' என்று கூறினால் நாம் என்ன செய்வோம்? வாசலைக் காட்டுவோம். ஆனால், நம் வீட்டுக் கணினி நோயுறும்போது இதே மருத்துவந்தான் நாள்தோறும் நடைபெறுகிறது. நாமும் பணங்கொடுத்து, நன்றியும் கூறிவிட்டுக் கணினியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறோம். 'பார்மெட் போட வேண்டும்' என்னும் மூன்று சொற்கள் இன்று கணினிக் கடைகளின் தாரக மந்திரமாகிவிட்டன. திரை நீலமானால் பார்மெட். வேகம் குறைந்தால் பார்மெட். அச்சுப்பொறி அசையாவிட்டால் பார்மெட். தமிழெழுத்துகள் உருத்தெரியாமல் சிதைந்து நின்றால் அதற்கும் பார்மெட். எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவரை நம் முன்னோர் மருத்துவர் என்று அழைத்ததில்லை.

வன்தட்டில் உள்ள அனைத்தையும் துடைத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதையே கடைக்காரர் அச்சொல்லால் குறிக்கின்றார். இதனைப் பழுதுபார்த்தல் என்று ஒப்புக்கொள்ள நான் மறுக்கின்றேன். பழுதின் காரணத்தைக் கண்டறிந்து, அதனை மட்டும் நீக்கி, ஏனையவற்றை உள்ளது உள்ளவாறே காப்பாற்றிக் கொடுப்பதே பழுதுபார்த்தல். காரணம் அறியாமல் அனைத்தையும் அழிப்பது சோம்பலுக்குச் சூட்டப்பட்ட தொழில்நுட்பப் பெயர். அந்தச் சோம்பலுக்கு நம் சமூகம் கொடுக்கும் விலையோ சில பத்து வெள்ளி அன்று. திரும்பப் பெற இயலாத நம் எழுத்துகளே அவ்விலை.

பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் கட்டுரை எழுதுகிறான். நான்காம் வரியில் றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம் வந்துவிட்டது. ஆசிரியர் சிவப்பு மையால் அவ்வோர் எழுத்தைச் சுழித்து, சரியான எழுத்தை மேலே எழுதுகிறார். அவனுடைய ஏட்டை முழுவதுமாகக் கிழித்தெறிந்து, புதிய வெற்றேடு ஒன்றைக் கையில் கொடுத்து, 'உன் பிழை நீங்கிவிட்டது, போ' என்று எந்த ஆசிரியராவது சொன்னதுண்டா? வெற்றேட்டில் பிழை இல்லைதான்; கட்டுரையும் இல்லையே! பார்மெட் செய்யப்பட்ட கணினியின் தூய்மை அத்தகைய வெற்றேட்டின் தூய்மையாகும்.

தமிழ்க் கோப்புக்கு நேரும் கதி

இத்தீங்கு எல்லா மொழியினரையும் தாக்குவதுதான். எனினும், தமிழர் வீட்டுக் கணினியை அது இருமடங்கு தாக்குகின்றது. இதனைச் சற்று விளக்கியாக வேண்டும்.

நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் 1980-களின் நடுவில் தோன்றியது. அதன்பின் பல மென்பொருள்களும் பற்பல எழுத்துருக்களும் வந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கதை, கவிதை, கட்டுரை எழுதுவோர் பலர் தட்டச்சுப் பொறியைக் கைவிட்டுக் கணினிக்கு மாறினர். அக்காலத்து எழுத்துருக்கள் 256 இடங்களே உள்ள ஓர் அட்டவணைக்குள் அமைந்தவை. அவற்றுள் முதற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் உரியது. எஞ்சிய பாதியில் சிலர் தமிழெழுத்துகளை அமர்த்தினர். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழை உட்கார வைத்தனர். ஒருவர் அகரத்தை வைத்த அறையில் மற்றொருவர் வேறோர் எழுத்தை வைத்தார். இக்குழப்பத்தைத் தீர்க்கவே டிஸ்கி என்னும் தரம் எழுந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, டாம், டாப் என்னும் தரங்களைத் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே ஏற்றது. 1991-இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு என்னும் ஒருங்குறி வீடுகளுக்குள் பரவப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு கிட்டியதே விண்டோஸ் 2000-த்தில்தான்.

இவ்வரலாற்றின் விளைவு யாது? பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட ஒரு கோப்பு, அவ்வெழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழாகத் தெரியும். எழுத்துரு நீங்கிய அந்நொடியே, கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகக் காட்சியளிக்கும். கோப்பு கெட்டுவிடவில்லை. அதிலுள்ள ஒவ்வோர் எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதனைப் படிக்கும் கண்ணாடி மட்டுமே தொலைந்துபோயிற்று. அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் எழுத்துகள் உயிர்பெறும். அல்லது சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்றதொரு மாற்றியைக் கொண்டு, அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். இதற்கு வேண்டுவது சில நிமிடப் பொறுமையே.

ஆனால், நடப்பது என்ன? ஏதோவொரு சிறு கோளாறுக்காகக் கணினி பார்மெட் செய்யப்படுகின்றது. கடைக்காரர் நல்லவர், கோப்புகளை எடுத்துவைத்துத் திரும்பவும் இட்டுத் தருகிறார். ஆயினும், எழுத்துருக்கள் கோப்புகளோடு வருவதில்லை. அவை இயங்குதளத்தோடு அழிந்துபோகின்றன. ஆறு திங்கள் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் தம் பழைய சிறுகதையைத் திறக்கிறார். குப்பை தெரிகின்றது. 'நச்சுநிரல் புகுந்துவிட்டது' என்கிறான் பேரன். 'பைல் கெட்டுவிட்டது, அழித்துவிடுங்கள்' என்கிறார் கடைக்காரர். பெரியவரும் பெருமூச்சுவிட்டு அழிக்கிறார். நோயைத் தந்ததும் அந்த மருந்தே. நோயாளியைக் கொன்றதும் அந்த மருந்தே. இதைவிடக் கொடிய நகைப்பு வேறு உண்டோ?

இதே கதை ஒருங்குறிக் காலத்திலும் தொடர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தோன்ற, வட்டார மொழி அமைப்புப் பகுதியில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட வேண்டியிருந்தது. அதனைச் செய்யாவிடின் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். விண்டோஸ் 10-இல் 'லதா' என்னும் தமிழ் எழுத்துரு கூடுதல் எழுத்துருத் தொகுதிக்கு மாற்றப்பட்டது. அமைப்புப் பகுதிக்குச் சென்று அத்தொகுதியைச் சேர்த்தால், காசு செலவின்றி அது வந்துவிடும். ஒரு குறியீடு, ஒரு தொகுதி! இவற்றுக்காக எத்தனை வன்தட்டுகள் துடைக்கப்பட்டிருக்கும் என்பதை எண்ணினால் நெஞ்சு பொறுக்குமா?

முன்பு ஓர் ஆறுதலேனும் இருந்தது. சுழலும் காந்தத் தட்டுகளில் விரைவு முறையில் பார்மெட் செய்தால், பொருளடக்கம் மட்டுமே அழியும். உள்ளிருக்கும் எழுத்துகள், வேறெதுவும் அவற்றின்மேல் எழுதப்படும்வரை தங்கியிருக்கும். மீட்பு மென்பொருளால் அவற்றைப் பெரும்பாலும் வெளிக்கொணரலாம். இன்றைய கணினிகளிலுள்ள எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலை வட்டுகளோ அத்தகையன அல்ல. 'இவ்விடம் வெறுமை' என்று இயங்குதளம் அறிவித்ததும், அவை அவ்விடத்தைத் தாமே துப்புரவாக்கிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு பணம் கொட்டினாலும் இழந்தது மீள்வது அரிது. ஆகவே, முன்னைவிட இன்று பன்மடங்கு விழிப்பு வேண்டும்.

காரணம் காணும் நெறி

'கணினிக் கோளாறுக்குக் காரணம் காண்பது நம்மால் ஆகுமா?' என்று மலைப்போர் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவிற்கொள்க. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணினி பிழைபட்டது. அதனை இயக்கியவர்கள் உள்ளே தேடிச் சென்று, ஒரு ரிலேயில் விட்டிற்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டனர். அப்பூச்சியை எடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் குறித்துவைத்தனர். அந்த ஏடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றது. இடத்தைக் கண்டார்கள், காரணத்தை நீக்கினார்கள், எழுதி வைத்தார்கள். இம்மூன்றுமே பழுதுபார்க்கும் கலையின் அரிச்சுவடி.

அண்மைய சான்றும் ஒன்றுண்டு. 2024 சூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தலால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு முடங்கின என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிப் பதிவுசெய்யும் நிலை வந்தது. அவை வீட்டுக் கணினிகள் அல்ல, அலுவலகக் கணினிகள். ஆனால், தீர்வைப் பாருங்கள்: கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, குறிப்பிட்ட எண்ணைத் தாங்கிய ஒரே ஒரு கோப்பை நீக்குவது! உலகையே உலுக்கிய நீலத்திரைக்கும் மருந்து ஒரு கோப்பின் நீக்கமாக இருந்ததென்றால், நம் வீட்டு நீலத்திரைக்கு முழு அழிப்புத்தான் மருந்து என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்?

காரணம் காண்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை, ஒழுங்கே வேண்டும். முதலாவது, திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் படித்தல். நம்மவர் அதனைக் கண்டதும் கொசுவை விரட்டுவதுபோல் 'ஓகே'யை அழுத்தி விரட்டுகின்றனர். நோயாளி தன் நோயைத் தானே சொல்லும்போது செவியை மூடிக்கொள்ளலாமா? செய்தியையும் அதன் எண்ணையும் நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் பிடித்தாலும் போதும்.

இரண்டாவது, 'நேற்றுவரை நன்றாயிருந்ததே, நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது?' என்று வினவுதல். புதிய மென்பொருள் ஏதும் ஏறியதா? அச்சுப்பொறி மாறியதா? இயங்குதளம் இரவில் தன்னை இற்றைப்படுத்திக்கொண்டதா? திடீரென்று தோன்றும் கோளாறுகள் பலவும் இவ்வொரு வினாவிலேயே அகப்பட்டுவிடும். அகப்பட்டால், மாறியதை மட்டும் திருப்பிவிடுங்கள். கடைசியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்கவும் வழியுண்டு. முன்னொரு நாள் குறித்துவைத்த நிலைக்குக் கோப்புகளைத் தொடாமல் திரும்பவும், அவ்வாறு குறித்துவைத்திருந்தால், விண்டோஸிலேயே வழியுண்டு.

மூன்றாவது, எதனையும் தொடுமுன் நம் கோப்புகளை வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்தல். எழுத்துருக்கள் இருக்கும் அடைவையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் மறவாமல் செய்ய வேண்டிய வேலை அது.

நான்காவது, பாதுகாப்பு நிலையில் தொடங்கிப் பார்த்தல். 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் அதற்குரிய வாயில் திறக்கும். அந்நிலையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு எழும். அங்கே கோளாறு தோன்றவில்லையெனில், குற்றவாளி நாம் பின்னால் சேர்த்த ஏதோவொரு மென்பொருளே என்பது புலனாகும். நான்கு பேர் உள்ள அறையில் களவு நடந்தால், ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்ப்பது போன்றதே இது.

வேகக் குறைவுக்கு இவ்வளவும் வேண்டா. 'கண்ட்ரோல்', 'ஷிப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் ஒருசேர அழுத்தினால், எந்தெந்த நிரல் கணினியின் உழைப்பை உறிஞ்சுகிறது என்ற பட்டியல் கண்முன் விரியும். வன்தட்டு கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். கணினியைத் திறந்தவுடன் அழையா விருந்தாளிகளாக எழுந்து உட்காரும் நிரல்களையும் அதே பட்டியலின் வேறொரு பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

அழிப்பு முற்றிலும் தகாதது என்று நான் வாதிடவில்லை. பிணைப்பணம் கேட்கும் நச்சுநிரல் வேரூன்றிவிட்டாலோ, கணினி எவர் கைக்கோ மாறும்போதோ, மேற்சொன்ன வழியனைத்தும் தோற்ற பின்போ, அது முறையானதே. ஆயினும், அப்போதுங்கூடக் காரணம் அறியாத அழிப்பு பயன்படாது. 2017 மே 12-ஆம் நாள் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை நச்சுநிரல், அவ்வாண்டு மார்ச்சிலேயே மைக்ரோசாப்ட் அடைத்துக் கொடுத்திருந்த ஓட்டையின் வழியாகத்தான் புகுந்தது. அவ்வோட்டையை அடைக்காமல் எத்தனை முறை துடைத்து நிறுவினாலும் திருடனுக்குக் கதவு திறந்தே இருக்கும். அழித்தவன் வென்றானல்லன், அடைத்தவனே வென்றான்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

'எங்களுக்கு நேரம் ஏது?' என்பர் சிலர். கணினியைக் கடைக்குக் கொண்டுசென்று, இரண்டு நாள் காத்திருந்து, மீட்டு வந்து, ஒவ்வொரு மென்பொருளையும் கடவுச்சொல்லையும் மறுபடி இட்டு நிரப்பும் நேரத்தை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

'பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறதே' என்பர் வேறு சிலர். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கற்கும் பிள்ளைகள் உள்ள இந்நாட்டில் இது சாக்குப்போக்கு. பாட்டி பக்கத்தில் அமர்ந்து கேட்க, பேரன் அச்செய்தியை உரக்கப் படித்துத் தமிழில் பொருள் சொல்லட்டும். அதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்புப் பயிற்சியை எந்தப் பாடநூலும் தந்துவிடாது. மேலும், விண்டோஸின் முகப்பை மலாயில் வைத்துக்கொள்ளலாம், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம்.

'கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறீர்களே' என்பாரும் உளர். இல்லை, அவர் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். காரணம் தேட இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் ஒருப்படுவதில்லை. 'பார்மெட்டுக்கு எவ்வளவு?' என்றுதான் கேட்கிறோம். 'காரணம் கண்டு சொல்ல எவ்வளவு?' என்று கேட்பதில்லை. அறிவுக்கு விலை கொடாத சமூகத்துக்கு அழிப்பே விற்கப்படும். ஆனால், ஒன்றை மன்னிக்க இயலாது: உரிமம் இல்லாத திருட்டு இயங்குதளத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றி அனுப்பும் பழக்கம். பூட்டை உடைக்கும் நிரலோடு வரும் அத்தகைய படிகளில் நச்சுநிரல் ஒளிந்து வருவதுண்டு. அடுத்த பார்மெட்டுக்கு அப்போதே வித்திடப்படுகிறது.

'இது பொறியாளர் வேலை. தமிழ் படித்தவர்க்கும் எழுத்தாளர்க்கும் இதில் என்ன தொடர்பு?' என்னும் கூற்றே எல்லாவற்றினும் என்னை வருத்துவது. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி யார்? சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களை உருவாக்கியவர். 1995-இல் இணையத்தில் தமிழெழுத்துத் தோன்றச் செய்த முயற்சியில் முன்னின்றவரும், 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடக் காரணமாயிருந்தவரும் அவரே. தமிழாசிரியர் ஒருவர் வழியமைத்துக் கொடுத்த துறையில், தமிழாசிரியர்களாகிய நாம் 'எனக்கு இது தெரியாது' என்று பெருமையோடு சொல்லிக்கொள்வது நன்றிகேடு அன்றோ?

ஏடுகளை ஆற்றுவெள்ளத்தில் விட்டவர்களை நாம் இன்றளவும் மேடைதோறும் பழிக்கின்றோம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து சுவடி திரட்டியதைப் போற்றுகின்றோம். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, சிதைந்த சுவடியைப் 'பிழை மலிந்தது' என்று வீசிவிடவில்லை. படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிழை எங்கே புகுந்தது என்று தேடினார். அதுவே நாம் கணினிமுன் கைக்கொள்ள வேண்டிய நெறி. நாளைய தலைமுறை நம்மைக் கேட்கும்: 'அவர்களாவது அறியாமையால் ஆற்றில் விட்டார்கள், படியெடுக்க ஒரு நொடி போதுமாயிருந்த காலத்தில் நீங்கள் ஏன் அழித்தீர்கள்?' அன்று நாம் என்ன விடை சொல்வோம்?

ஆகவே, பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது. இனி எவரேனும் 'பார்மெட்' என்று வாய்திறந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: கோளாற்றின் காரணம் யாது? வேறு எந்தெந்த வழிகளை முயன்று பார்த்தீர்கள்? என் கோப்புகளும் எழுத்துருக்களும் எங்கே படியெடுக்கப்பட்டுள்ளன? மூன்றுக்கும் விடை வரும்வரை கணினியைக் கையிலிருந்து விடாதீர்கள். வீட்டுக் கணினியின் பக்கத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். கோளாறு, நாள், செய்த திருத்தம் மூன்றையும் பிள்ளைகள் அதில் எழுதட்டும். தமிழ்ப்பள்ளிகளின் கணினி வகுப்புகள், படம் வரைவதோடும் தட்டச்சோடும் நில்லாமல், பிழைச் செய்தியைப் படித்துப் பொருளறியும் பாடத்தையும் கொள்ளட்டும். எழுத்தாளர் சங்கங்கள், மூத்த எழுத்தாளர்களின் பழைய எழுத்துருக் கோப்புகளைப் பெற்று, ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கும் பணியை ஒரு கடமையாக மேற்கொள்ளட்டும். காலம் கடந்துவிட்டால் அக்கோப்புகளை அடித்த விரல்களும் இரா. அந்த எழுத்துருவின் பெயர் அறிந்தோரும் இரார்.

நோயையும் அதன் மூலத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று மருந்து அதிகாரத்தில் வகுத்துச் சென்றவர் வள்ளுவர். அவரைப் பாடமாக ஒப்புவிக்கும் வீட்டில், காரணம் கேளாமல் அழிக்கும் கைக்கு இடமிருக்கலாகாது.